குளத்துக் கல்லுக்குச் சுண்ணாம்பு

"குளத்துக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு. மேலே வந்ததும் பார்த்தேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்."

தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள் ஒன்றின் பின்பக்கம் நான் எழுதிவைத்த குறிப்பு இது. முன்பக்கத்தில் தை மாதம், வியாழக்கிழமை என்று இருக்கிறது. தேதியும் வருடமும் இருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது. ஆனாலும் காலத்தை ஓரளவு நெருங்கிவிடலாம். அன்று காலை நான் அலுவலக வேலையாகப் போனது கள்ளக்குறிச்சிக்கு. மாவட்டம் பிரியாதிருந்தால் விழுப்புரத்துக்குப் போயிருப்பேன். தோட்டத்து டீக்கடைக் கரீம் பாயின் முகக்கவசம் அன்று தாடைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்ததும் நினைவிருக்கிறது. ஆகவே ஊரடங்கு தளர்ந்து, பயமும் பாதி தளர்ந்திருந்த காலம். அதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

தோட்டத்து வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். செடி, உரம், பூச்சி பற்றியெல்லாம் என்னைவிட நீங்கள் நன்றாகப் படித்திருக்கிறீர்கள். தோட்டப் பொறுப்பாளனாக இருந்த நான் சொல்ல நினைப்பது தண்ணீரைப் பற்றி. பொதுத் தோட்டத்தில் தண்ணீர் எதற்காக இருக்கிறது, அதை எப்படிப் பார்ப்பது, அதற்கு ஆபத்து வந்தால் எதை முதலில் காப்பாற்றுவது என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த வியாழனும் மறுநாள் வெள்ளியும்தான்.

மலையில் கரியாலூருக்குச் சற்று மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில் ஜப்பான் முறையில் ஒரு குளம் உண்டு. அதை அமைத்தவர் என் மகள் வயதுள்ள ஒரு பெண். அந்த நாட்டிலேயே தோட்டக்கலை படித்துவிட்டு வந்தவர். பெயரை எங்கும் போட வேண்டாம் என்பது அவர் கொள்கை, இங்கேயும் போடவில்லை. குளத்தின் அடிக்கு நாம் வழக்கமாக அடிக்கும் நீலப் பெயின்ட்டை அவர் அடிக்கவிடவில்லை. கருங்களிமண்ணைக் குழைத்துப் பூசினார். கரையில் மலைக்கற்களைப் பாதி புதைத்து வைத்தார். ஓடை நீர் ஒரு மூங்கில் குழாய் வழியாக வந்து, கல் தொட்டி ஒன்றில் சொட்டி, அதிலிருந்து வழிந்து குளத்தில் இறங்கும். எதிர்க்கரையில் முழங்காலுக்கும் தாழ்வாக ஒரு கல் பெஞ்சு.

"பெஞ்சு ரொம்பக் குட்டையா இருக்குதும்மா" என்றேன்.

"நின்னுகிட்டுப் பார்த்தா தண்ணிக்குள்ள இருக்கற சேறு தெரியும் சார். உட்கார்ந்து பார்த்தா தண்ணி மேல இருக்கற மலை தெரியும். தாழ்வா இருந்தாத்தான் உட்காருவாங்க" என்றார்.

நான் உட்கார்ந்து பார்த்தேன். எதிரே இருந்த மலை முழுதாகத் தலைகீழாகக் குளத்தில் கிடந்தது. எழுந்து நின்றேன், பாதி மலை காணாமல் போனது. வடக்கே பழைய அரண்மனைத் தோட்டங்களுக்குப் போனபோது சரிவான கற்பலகையில் மீன் செதில் போலச் செதுக்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதன் மேல் தண்ணீரை மெல்லிசாக விட்டால்தான் செதிலுக்குச் செதில் வெளிச்சம் உடைந்து மின்னும். ஜாஸ்தி விட்டால் வாய்க்கால் மாதிரி ஓடிவிடும், செதுக்கியவன் உழைப்பு தண்ணீருக்கு அடியில் போய்விடும். பழைய தோட்டக்காரர்கள் தண்ணீரை ஒரு வேலைக்காக வைத்தார்கள். ஓரிடத்தில் மின்னுவது அதன் வேலை, ஓரிடத்தில் சத்தம் போடுவது, ஓரிடத்தில் சும்மா கிடப்பது. எங்கள் குளத்துக்கு விதித்த வேலை சும்மா கிடப்பது.

அதுதான் சிக்கலாகிவிட்டது. வருகிறவர்கள் கரையில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி சும்மா கெடக்குது, பவுண்டன் இன்னா ரிப்பேரா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கேள்வி மேலே போனது. குளத்தை மண்ணடித்து மேவிவிட்டு, அந்த இடத்தில் பாட்டுக்கு ஆடும் வண்ண நீரூற்று வைக்கலாம் என்று ஒரு யோசனை கீழே வந்தது. முடிவெடுக்க அதிகாரி ஒருவர் வெள்ளிக்கிழமை வருவதாகத் தகவல். புதிதாக மாற்றலாகி வந்தவர். வேகமான அம்மா என்று கேள்வி.

நீரூற்று வந்தால் அதைப் பார்த்துக்கொள்ள எலக்ட்ரீசியன் போதும். குளத்து ஆட்களைக் கீழே சமவெளி நாற்றங்காலுக்கு அனுப்பிவிடுவார்கள். மூன்று பேரில் இருவர் கீழே ஊர் உள்ளவர்கள். குளத்துக்குப் பொறுப்பான சின்னப்பொண்ணுக்கு அப்படி இல்லை. வீடு, சாமைக்காடு, நாலு புளியமரம் எல்லாம் மலை மேல். முதல் பஸ் பிடித்துக் கீழே போய், கடைசி பஸ் பிடித்து மேலே வர அவரால் முடியாது. குளம் போனால் அவர் வேலையும் போகும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

வியாழன் காலை கள்ளக்குறிச்சிக்குக் கிளம்பும்போது, "நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன், எல்லாம் ரெடி பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினேன். நம் பக்கத்தில் அதிகாரி வருகிறார், ரெடி பண்ணுங்கள் என்றால் அதற்கு ஒரே பொருள்தான். மைல்கல், மரத்தின் அடி, நடைபாதை ஓரம், கொடிக்கம்ப மேடை, எதுவானாலும் சுண்ணாம்பு. அதன் மேல் காவிப் பட்டை. இத்தனை வருடத்தில் சுண்ணாம்பு அடித்ததற்காக எந்த அதிகாரியும் யாரையும் கடிந்துகொண்டதில்லை. அடிக்காததற்குக் கடிந்திருக்கிறார்கள்.

மத்தியானம் திரும்பி வந்து பார்த்தால், குளத்தைச் சுற்றி அந்தப் பெண் பாசி ஏறட்டும் ஏறட்டும் என்று காத்திருந்து வளர்த்த கற்களெல்லாம் பல் வரிசை மாதிரி பளிச்சென்று இருந்தன.

"இன்னா சின்னப்பொண்ணு இது?"

"சுண்ணாம்பு சார்."

"அது தெரியுது. ஏன்?"

"ஆபீசரம்மா வராங்க, ரெடி பண்ணுங்கன்னு நீங்கதானே சார் சொல்லிட்டுப் போனீங்க. ஒரே பாசியா, அசிங்கமா கெடந்திச்சி. கல்லு வாங்கக் காசில்லாம ஓடையில பொறுக்கிப் போட்டாப்பல. காத்தாலேர்ந்து குனிஞ்ச தல நிமிரல நாங்க." சொல்லிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தவர் குரலைக் குறைத்தார். "நல்லா இல்லையா சார்?"

"காவி கலக்கிக்கினு இருந்தாங்க சார்" என்றார் கரீம் பாய் கடையிலிருந்து. "சார் வரட்டும்மான்னு நான்தான் நிறுத்தி வெச்சேன்."

மோட்டார் போடும் ஏழுமலை வருத்தப்பட்டார். "பட்டையும் அடிச்சிருந்தா கோயில் கொளமாயிருக்கும். உண்டியல் ஒண்ணு வெச்சிருக்கலாம், கெடுத்துட்டீங்க பாய்."

நான் பெஞ்சில் உட்கார்ந்தது அப்போதுதான். குளத்தில் மலை கிடந்த இடத்தில் வெள்ளைப் பற்கள் தலைகீழாகச் சிரித்தன. குளத்துக்காகப் பேச என்னிடம் இருந்த ஒரே சாட்சி அந்தக் கற்களும் அந்த நிழலும்தான். நாளை நான் என்னத்தைக் காட்டுவது?

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஏழுமலை, மோட்டாரைப் போட்டு ஹோஸில் அடித்தால் ஒரு நிமிடத்தில் போய்விடும் என்றார். பாய், டவுனில் தன் மச்சான் கடையில் ஆசிட் இருக்கிறது, கடைசி பஸ்ஸில் கொடுத்தனுப்பச் சொல்கிறேன் என்றார். இரண்டும் வேகமான வழிகள். நானும் ஒரு கணம் ஹோஸைப் பார்த்தேன். அப்போது கல் தொட்டி ஓரமாக, குளத்தில் வளர்த்த சிவப்புக் கெண்டை மீன்களில் ஒன்று மேலே வந்து வாயைத் திறந்து மூடியது.

நெருக்கடி வரும்போது நீங்களும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இதில் எது போனால் திரும்ப வராது? கல் வெள்ளையாக இருந்தால் எனக்கு அவமானம். அவமானம் நாலு நாளில் மறந்துபோகும். கழுவுகிற சுண்ணாம்பெல்லாம் குளத்துக்குள்தான் இறங்கும், மீன் அத்தனையும் மல்லாந்துவிடும். ஆசிட் போட்டால் பாசியோடு கல்லின் தோலும் உரிந்துவிடும்.

"ஏரியிலகூடத்தான் மீனு வுடறதுக்கு முந்தி சுண்ணாம்பு போடுவாங்க சார்" என்றார் ஏழுமலை.

"விடறதுக்கு முந்தி போடுவாங்க. அதுவும் அளந்து போடுவாங்க. விட்டப்புறம் வாளி வாளியா ஊத்த மாட்டாங்க. ஹோஸைச் சுருட்டி உள்ள வையுங்க."

முதல் வேலையாகத் தண்ணீரைக் காப்போம் என்று சொன்னேன். தை மாதம், மலையில் விடியற்காலை பனி மழையாகவே சொட்டும். சுண்ணாம்பு அப்படியே இருந்தால் அந்தப் பனியே அதைக் குளத்தில் இறக்கிவிடும். கல்லுக்கும் தண்ணீருக்கும் நடுவே கையளவு உயரத்துக்குக் களிமண் வரப்பு கட்டினோம். வயல் வரப்பு கட்டிப் பழகிய கைகள். எனக்குச் சொல்லிக்கொடுக்க எதுவும் இல்லை. பிறகு சின்னப்பொண்ணைக் கேட்டேன், "வூட்ல பித்தளை வெளக்கை இன்னா போட்டு வெளக்குவீங்க?"

"புளி" என்றவர் அடுத்த கேள்விக்கு நிற்காமல் வீட்டுக்கு ஓடினார். ஒரு கூடை புளியோடு வந்தார். "இந்த வருசத்துப் புளி சார். கொட்டகூட எடுக்கல. விக்கறதுக்கு வெச்சிருந்தது."

ஏழுமலை கூடையைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார். "மீனு இருக்குது, புளி இருக்குது. கொழம்பு வெச்சி ஆபீசரம்மாவுக்குப் போட்டுட்டா பிரச்சன முடிஞ்சிடும்."

"மொதல்ல உன்ன கரைச்சி ஊத்தறேன் இரு" என்றார் சின்னப்பொண்ணு. மத்தியானத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் விளையாட்டுப் பேச்சு அது. எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

சாக்கைக் கிழித்துப் புளித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, தேய்க்காமல் கல்லின் மேல் அழுத்தி ஒற்றி எடுத்தோம். காலையில் அடித்தது, முழுதாக இறுகியிருக்கவில்லை. ஒற்ற ஒற்ற வெள்ளை சாக்கில் ஏறியது. கீழே சொட்டியதைக் களிமண் வாங்கிக்கொண்டது. மண்ணைக் கூடையில் அள்ளித் தூரக் கொட்டிவிட்டுப் புது மண் வைத்தோம். சில இடங்களில் பாசி வெந்து சாம்பல் நிறமாக இருந்தது, சில இடங்களில் உயிரோடு இருந்தது. பாயும் கடையை மூடிவிட்டுக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து ஒரு கல்லை எடுத்துக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் கரை முழுதும் பழைய நிறத்துக்கு அருகில் வந்துவிட்டது.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு கல். குளத்தின் நடுவில் தனியாக நிற்கும் பெரிய கல். பலகை போட்டு ஏறி நின்று அதற்கும் அடித்திருந்தார்கள். அதைச் சுற்றி வரப்பு கட்ட இடமில்லை, எல்லாப் பக்கமும் தண்ணீர்.

சின்னப்பொண்ணு புடவையைச் செருகிக்கொண்டு இறங்கப் போனார். "நான் பாத்து தொடச்சிடறேன் சார். ஒரு சொட்டு வுழாது."

"விழும். வேணாம்."

"ஒண்ணு மட்டும் வெள்ளையா நின்னா கேப்பாங்க சார்."

"கேட்கட்டும். சேத்துல இறங்கினா தண்ணி கலங்கும், நாளைக்கு மலை தெரியாது. மீனுக்கும் ஆபத்து. அந்தக் கல்லை விட்டுடுவோம்."

"அந்த ஒரு கல்லால எல்லாம் போயிடுச்சின்னா?"

கல்லைப் போர்த்த ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். பாய் தன் கடைத் தார்ப்பாயைக் கொடுத்தார். பனி படாமல் கல்லுக்கு அதைப் போர்த்திக் கயிறு கட்டிவிட்டுக் கலைந்தோம்.

மறுநாள் விடிந்ததும் வந்தவர்கள் முதலில் பார்த்தது மீனைத்தான். எல்லாம் இருந்தன. தார்ப்பாயை எடுத்தோம். கல் முந்தின நாளைவிட வெள்ளையாகத் தெரிந்தது.

அதிகாரி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். கேள்விப்பட்டது சரி, வேகமான அம்மாதான். நடந்துகொண்டே கேட்டார், நடந்துகொண்டே தலையாட்டினார். இந்த வேகத்தில் குளத்தைக் கடந்தால் அவர் கண்ணுக்குச் சேறு மட்டும்தான் தெரியும். நான் முதல் நாள் இரண்டு பக்கத்துக்கு ஒரு விளக்கம் தயாரித்து வைத்திருந்தேன். அதை எடுக்கவில்லை. குளக்கரை வந்ததும் பாய்க்குக் கண்ணைக் காட்டினேன்.

பாய் கிளாஸ் நிறைய, ஆவி பறக்க, தளும்பத் தளும்ப டீயைக் கொண்டுவந்து நீட்டினார். "குளுருக்கு நல்லா இருக்கும் மேடம்."

மலைக் குளிரில் டீயை யாரும் மறுப்பதில்லை. தளும்பும் டீயை வைத்துக்கொண்டு யாரும் வேகமாக நடக்கவும் முடியாது. அவர் உட்கார இடம் தேடினார். அங்கே இருந்தது அந்தக் குட்டைப் பெஞ்சு ஒன்றுதான்.

உட்கார்ந்தார். மூடுபனி அப்போதுதான் விலகிக்கொண்டிருந்தது. குளத்தில் முதலில் மரங்கள் தெரிந்தன, பிறகு மலை. அந்தக் கருத்த தண்ணீரின் நடுவே வெள்ளைக் கல்லும், அதற்குக் கீழே அதன் நிழலும். மூங்கில் குழாய் கல் தொட்டியில் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. சிவப்புக் கெண்டை வந்து வெள்ளை நிழலை உடைத்துக்கொண்டு போனது. நிழல் ஆடி ஆடி மறுபடி ஒன்றுசேர்ந்தது. அவர் டீயை ஊதுவதை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் தன் வேலையைச் செய்யும்போது குறுக்கே பேசாதீர்கள். என் பணிக்காலத்தில் நான் பேசாமல் இருந்த நல்ல சமயங்களில் அது ஒன்று.

டீ முடியும் தறுவாயில் கேட்டார். "அந்த ஒரு கல்லு மட்டும் ஏன் வெள்ளையா இருக்கு?"

நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் பின்னாலிருந்து சின்னப்பொண்ணு முன்னால் வந்துவிட்டார்.

"நான்தாம்மா அடிச்சேன். நீங்க வரீங்கன்னு எல்லாக் கல்லுக்கும் சுண்ணாம்பு அடிச்சிட்டோம். சார் வந்து பாத்துட்டு வேணாம்னாரு, மத்ததெல்லாம் புளி போட்டுத் தொடச்சிட்டோம். அது தண்ணிக்குள்ள இருக்குது. தொடச்சா மீனு செத்துப்பூடும்னு வுட்டுட்டோம்."

ஏழுமலை ஆகாயத்தைப் பார்த்தார். பாய் காலி கிளாசை வாங்கிக்கொள்ள நீட்டிய கையை நீட்டியபடியே நின்றார்.

"எனக்காகவா அடிச்சீங்க?" என்றார் அதிகாரி.

"ஆமாம்மா. யாரு வந்தாலும் அடிப்போம்."

அவர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தது எனக்குத் தெரிந்தது. "இதுவரைக்கும் நான் போன எடத்துல எல்லாம் எனக்கு முன்னாடி சுண்ணாம்பு போயிருக்கு. தொடச்சது நீங்கதாம்மா மொத ஆளு" என்றார். கிளாசைப் பாயிடம் கொடுத்துவிட்டும் எழவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்தபோது நின்ற இடத்திலிருந்து குளத்தைப் பார்த்தார், மறுபடி குனிந்து உட்கார்ந்த உயரத்திலிருந்து பார்த்தார். குளம் அமைத்த புதிதில் நான் செய்த அதே காரியம்.

பிறகு என்னிடம், "பவுண்டன் கேட்டவங்களுக்கு பவுண்டன் வேணும்தானே? வண்டி நிறுத்தற எடத்துக்குப் பக்கத்துல, வாசல்ல வையுங்க. பாட்டு அங்க பாடட்டும். இங்க இது இப்படியே இருக்கட்டும்" என்றார். ஜீப்பில் ஏறும்போது திரும்பிச் சொன்னார், "அந்தக் கல்ல யாரும் தொட வேணாம்."

சின்னப்பொண்ணு அன்று கூடையில் மிச்சமிருந்த புளியை ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார். குழம்பு அவரவர் வீட்டில் கொதித்தது, மீன் கடையில் வாங்கியது.

வாசலில் நீரூற்று வந்தது. பிள்ளைகள் அங்கே நனைந்து கூச்சல் போட்டுவிட்டு, களைத்து உள்ளே வந்து குளத்தருகே உட்காருகிறார்கள். இரண்டு தண்ணீருக்கும் வேலை இருக்கிறது; நீரூற்றை வெறுப்பவன் நான் என்று நினைத்துவிடாதீர்கள். ஐப்பசி மழைக்குக் கரைக் கற்களில் பாசி திரும்பிவிட்டது. நடுக்கல்லின் சுண்ணாம்பு பக்கங்களில் கரைந்து, உச்சியில் மட்டும் தங்கியது. குளத்துக்கும் மீனுக்கும் அந்த அளவு ஒன்றும் செய்யவில்லை. அது ஜப்பான் மலையின் உச்சிப் பனியைக் குறிப்பது என்று வழிகாட்டி ஒருவர் கல்லூரிப் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். திருத்தவில்லை. குளத்தை அமைத்த பெண்ணுக்கு நடந்ததையெல்லாம் போனில் சொன்னேன். கடைசியில், "பாசி எத்தனை நாளாச்சு வர?" என்று மட்டும் கேட்டார்.

கடைசியாக ஒரு செய்தி. அந்த அதிகாரி அடுத்த வருடமே வேறு மாவட்டத்துக்கு மாற்றலானார். அங்கே புதிதாகத் திறந்த பூங்கா ஒன்றில் கருத்த அடியுள்ள குளமும், குட்டைப் பெஞ்சும், நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கல்லும் இருப்பதாக, வியாபார விஷயமாக அந்தப் பக்கம் போய்வந்த பாயின் மச்சான் சொன்னார். ஊர்ப் பெயர் அவருக்குச் சரியாக நினைவில்லை. நான் இதுவரை போய்ப் பார்க்கவில்லை. கல் இயற்கையாகவே வெள்ளையா, அடித்ததா என்பதும் தெரியாது. ஆகவே இதை உறுதி செய்யப்படாத தகவலாகவே இங்கே பதிகிறேன். உங்களில் யாருக்காவது அந்தப் பக்கம் மாற்றல் வந்தால் பார்த்து எழுதுங்கள்.

சின்னப்பொண்ணுக்கு மட்டும் இதில் சந்தேகமே இல்லை. "சுண்ணாம்புதான் சார் அது. போறவங்கள நகத்தால சொரண்டிப் பாக்கச் சொல்லுங்க. தண்ணியில வுழாம."